கிரைண்டருக்கு அடியில குடியிருக்கற கரப்பான்

மருந்து வாங்கறதுக்கு முன்னாடி, வீட்டுல நடமாடறது எந்தக் கரப்பான்னு பாருங்க. ஒன்றரை அங்குல நீளம், செம்பழுப்பு நிறம், புழுக்கமான ராத்திரியில பறந்து வந்து மேல விழுந்தா அது அமெரிக்கக் கரப்பான். சலதாரியும் (சாக்கடை) செப்டிக் டேங்கும்தான் அதோட ஊரு. அதுக்கு அடுப்படியில மருந்து வெச்சுப் பிரயோஜனமில்லை. புழங்காத பாத்ரூம் தரைக்குழியில தண்ணி வத்திப்போனா அந்த வழியா ஏறி வரும். வாரம் ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. செப்டிக் டேங்க் காத்துக்குழாய் வாய்ல கொசுவலை கட்டுங்க. சிங்க் குழாய் சுவத்துக்குள்ள போற இடத்துல இருக்கற சந்தை எம்-சீல் வெச்சு அடைங்க. பெரிய கரப்பானுக்கு இதுவே முக்கால்வாசி வைத்தியம்.

அரை அங்குலம், வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னாடி ரெண்டு கருங்கோடு இருந்தா ஜெர்மன் கரப்பான். வம்பு பிடிச்சது இதுதான். ஒரு முட்டைக்கூட்டுல 30, 40 குஞ்சு இருக்கும். பொரியற நாள் வரைக்கும் தாய் அதை வாலோட சுமந்துட்டே திரியும். சூடும் ஈரமும் சேர்ந்த சந்துதான் இதுக்கு வேணும். நம்ம ஊர்ப்பக்கம் இருக்கற வீடுகள்ல முதல் இடம் வெட் கிரைண்டர்: அடிப்பக்கம் வழிஞ்சு காய்ஞ்ச மாவு, பக்கத்துலயே மோட்டார் சூடு. அப்புறம் ஃப்ரிட்ஜ் பின்னாடி தண்ணி சொட்டற தட்டு, ஆர்.ஓ. மெஷின் மூடிக்குள்ள, கப்போர்டு கீல், கேஸ் அடுப்புக்கு அடி.

எங்கே இருக்குதுன்னு ஊகிக்க வேண்டாம். ஒட்டு அட்டை ஆறு வாங்கி, சுவரும் தரையும் சேர்ற மூலைகள்ல ரெண்டு ராத்திரி வைங்க. எந்த அட்டையில குஞ்சுகள் நிறைய ஒட்டுதோ, கூடு அதுக்குப் பக்கத்துலதான்.

இனி வீட்டு மருந்து. மைதா 50 கிராம், நாட்டுச்சர்க்கரை 25 கிராம், போரிக் பவுடர் 10 கிராம், கடலெண்ணெய் ஒரு டீஸ்பூன். தண்ணி தெளிச்சு சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைஞ்சு சுண்டைக்காய் அளவுக்கு உருட்டுங்க. போரிக் பவுடர் மெடிக்கல்ல கிடைக்கும். கேரம் போர்டு பவுடரைப் போடறவங்க லேபிளைப் பாருங்க, சிலதுல வெறும் ஸ்டார்ச்தான் இருக்கும். காரம் ஜாஸ்தி போட்டா சட்னி நல்லா இருக்கும்ங்கற கணக்கு இங்க எடுபடாது. போரிக் கூடுனா கரப்பான் வாய் வைக்காது. குளுக்கோஸ் பவுடர் சேர்க்காதீங்க, அதைக் கசப்பா உணர்ந்து ஒதுக்கற ஜெர்மன் கரப்பான் கூட்டங்களும் உண்டு. மூணு ராத்திரி உருண்டை அப்படியே கிடந்தா சர்க்கரையை நிறுத்திட்டு வறுத்த நிலக்கடலைப் பொடி போட்டுப் பாருங்க.

பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற ஆடிக் காத்துல உருண்டை சீக்கிரம் கல்லாயிரும். ஐப்பசி மழையில பூஞ்சை பிடிக்கும். ரெண்டையும் கரப்பான் தொடாது, அதனால வாரம் ஒருதடவை மாத்தணும். சித்திரை வெயில்ல திரவம் நல்லா வேலை செய்யும்: 100 மில்லி தண்ணி, 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக். பாட்டில் மூடியில பஞ்சை வெச்சு நனைச்சு விடுங்க. ஆனா ராத்திரி சிங்க்ல தண்ணியும் எச்சில் வட்டலும் கிடந்தா அதைத்தான் முதல்ல தேடிப் போகும். உங்க உருண்டை தோத்துரும். போரிக் உடனே கொல்லாது, சில நாள் ஆகும். குழந்தை தவழற வீட்டுலயும், நாய், கோழி நடமாடற இடத்துலயும் இதை எட்டற மாதிரி வைக்கவே கூடாது.

பேக்கிங் சோடா, பிரியாணி இலை, கிராம்பு? இதுகளை நம்பி ஒரு மாசத்தைக் கடத்தாதீங்க, அதுக்குள்ள அடுத்த தலைமுறை கிளம்பியிருக்கும். பொட்டிக்கடை சாக்பீஸும் ஸ்ப்ரேயும் இன்னொரு வகையில கெடுக்கும். அந்த வாடை பட்ட இடத்துல இருக்கற உருண்டையையோ, ஜெல்லையோ (கடையில விக்கற பசை மாதிரி கரப்பான் மருந்து) கரப்பான் தின்னாது. ரெண்டையும் ஒண்ணா போட்டவங்கதான் “எந்த மருந்துக்கும் சாகறதில்லைங்க”ன்னு புலம்புவாங்க.

அட்டையில ஒரே ராத்திரி பத்து, இருபதுன்னு ஒட்டினா ஜெல்லுக்குப் போயிருங்க. அதுல இருக்கற மருந்து ஃபிப்ரோனில் 0.05 சதவீதம், இல்லாட்டி இமிடாக்ளோபிரிட் 2.15 சதவீதம். பெரிய சொட்டா நாலு வைக்கறதை விட துவரம்பருப்பு அளவுல முப்பது சொட்டு நல்லது. சந்தை விட்டு வெளிய வராத குஞ்சுகளும், பெரியதுகளோட கழிவைத் தின்னு சாகும்.

பூச்சி மருந்து அடிக்க ஆளைக் கூப்பிடறதா இருந்தா, 1968ஆம் வருசத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி வாங்கின உரிமத்தைக் காட்டச் சொல்லுங்க. மருந்தோட பேரையும் சதவீதத்தையும் பில்லுல எழுதி வாங்குங்க. ‘மணமில்லா மருந்து’ன்னு மட்டும் சொன்னா விடாதீங்க. அடுப்படிக்கு ஜெல், சலதாரிக்கும் வெளிப்பக்கத்துக்கும் ஸ்ப்ரேன்னு பிரிச்சுச் செய்யறவர்தான் வேலை தெரிஞ்சவர். முட்டைக்கூட்டுக்குள்ள மருந்து போகாது. பொரிய கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆகும். அதனால ரெண்டாவது தடவை வர்றதையும் சேர்த்துத்தான் ரேட் பேசணும். ஜெல் வெச்ச கீலையும் சந்தையும் அதுவரைக்கும் ஈரத்துணியால துடைக்காதீங்க.

அவர் வர்றதுக்கு முன்னாடி கிரைண்டரைக் கவுத்து அடிமாவைச் சுரண்டி வைங்க. ஆர்.ஓ. மூடியை நீங்களே கழட்டிக் காட்டுங்க. கேட்காட்டி பாதிப்பேர் அந்தப் பக்கமே போகமாட்டாங்க.