இன்சோல் மாற்றப் போய்ப் பட்ட பாடு

பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்கிற குதிகால் வலி வந்தவர்களுக்குத் தெரியும், காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் சுருக்கென்று குத்தும். எனக்கு அளவெடுத்துச் செய்த இன்சோல், ஷூவுக்குள் பாதத்தடியில் வைக்கும் அட்டை, அதை அடக்கி வைத்திருந்தது. மேலே ஒட்டிய துணி கட்டைவிரலடியில் ஓட்டையாகி, குதிகால் பக்கத்து ஃபோம் அப்பளமாக நசுங்கிப் போனதும், தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்கான பயிற்சி சூடுபிடிக்கும் முன்னால் மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன்.

டர்பனில் ஒரு கிளினிக். பெயர் வேண்டாம். ரிசப்ஷனில் இருந்த பெண் பழைய ஜோடியைக் கையில்கூட வாங்கவில்லை. "ஸ்கேன் பழசாகிவிட்டது அங்கிள், புதிதாகத்தான் செய்ய வேண்டும்" என்றார். மேலுறையை மட்டும் மாற்ற முடியாதா என்றால், "அதெல்லாம் நாங்கள் செய்வதில்லை." உள்ளே போனால் ஸ்கேனர்மேல் நிற்க வைத்தார்கள், அவ்வளவுதான். நடக்கச் சொல்லவில்லை, எந்த ஷூவில் போடப் போகிறேன் என்றும் கேட்கவில்லை. பையில் ஷூ கொண்டுபோனது வீண்.

வந்து சேர்ந்த ஜோடி முழுநீளம், தடித்த உறை. ஷூவோடு வந்த இன்சோலை எடுத்துவிட்டுத்தான் போட்டேன். அப்படியும் குதிகால் மேலே தூக்கிக்கொண்டது, விரல்கள் முன்னால் இடித்தன. காம்ரேட்ஸ் பாதையில் வரும் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் இதோடு இறங்கினால் கால் நகம் கறுத்துவிடும். போன் செய்தால், "அரை சைஸ் பெரிய ஷூ வாங்குங்கள்" என்கிறார்கள்! புது இன்சோலை முதலில் தினம் ஒரு மணி நேரம் போல நடந்து பழக்கி, மெல்ல மெல்லக் கூட்டிய பிறகே ஓட வேண்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. முதல் ஜோடி வாங்கியபோது கற்றதால் தப்பித்தேன். நீங்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு. பில்லை அனுப்பினேன், திரும்பி வந்தது: என்ன நோய் என்று காட்டும் ஐசிடி-10 கோட் இல்லையாம். இந்த வலிக்கு எம்72.2 என்று ஒரு வரி எழுத அந்த கிளினிக் என்னை அலைய விட்டது கொஞ்சநஞ்சமல்ல. சிகிச்சை நடந்த மாதத்துக்குப் பிறகு நான்காவது மாதக் கடைசிக்குள் க்ளெய்ம் போய்ச் சேர வேண்டும். தாண்டினால் பணம் கிடைப்பது சந்தேகம்தான். அதனால் பணம் கட்டும் மேஜையிலேயே பில்லில் ஐசிடி கோட், கிளினிக்கின் பதிவு எண்ணான ப்ராக்டிஸ் நம்பர், என்ன சிகிச்சை என்று காட்டும் டாரிஃப் கோட் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கார்டை நீட்ட வேண்டும்.

கடைசியில் எங்கள் ஓட்டக் கிளப்பில் ஒரு அண்ணா, டர்பனிலேயே சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கும் வேறொரு பொடையாட்ரிஸ்டிடம், அதாவது பாத மருத்துவரிடம், அனுப்பினார். அவர் முதலில் கேட்டதே பழைய ஜோடியைத்தான். திருப்பிப் பார்த்தார், மேஜையில் வைத்துக் குதிகால் பக்கம் ஆடுகிறதா என்று அழுத்தினார், பாதவளைவு வரும் இடத்தில் கட்டைவிரலால் அமுக்கி, விட்டதும் நிமிர்கிறதா என்று பார்த்தார், ஓரத்தில் விரிசல் தேடினார். "ஷெல்லுக்கு, அதாவது அடியில் இருக்கும் கெட்டி பிளாஸ்டிக் தட்டுக்கு, ஒன்றுமில்லை. உறையும் ஃபோமும்தான் போயிருக்கிறது" என்றார். பாலிப்ரொப்பிலீன் ஷெல் பல வருடம் தாங்கும். முதலில் தேய்வது மேலே ஒட்டியதுதான். உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டிக் கொடுத்தார். அந்த கிளினிக் வாங்கியதோடு பார்த்தால் இது சில்லறைக் காசு.

ஷூ விஷயத்திலும் அவர் சொன்னது உபயோகமாக இருந்தது. இன்சோல் ஏற்கெனவே காலைத் திருத்துகிறது, அதோடு பாதம் உள்பக்கம் சாயாமல் தடுக்கும் மோஷன் கன்ட்ரோல் ஷூவும் சேர்ந்தால் எனக்கு அளவுக்கு மீறிப் போகும், அப்படித் திருத்தாத சாதாரண நியூட்ரல் ஷூ போதும் என்றார். என் கிரிக்கெட் ஷூவில் உள்ளிடம் குறைவு. அதற்கு விரல்களுக்கு முன்பே முடிந்துவிடும் முக்கால் நீள இன்சோல்தான் சரிவரும் என்று ஷூவை வாங்கி உள்ளே கைவிட்டே பார்த்துச் சொன்னார்.

வீட்டிலும் வெறுங்காலோடு நடக்காதே என்றார். தைப்பூசக் காவடி வருகிறதே டாக்டர் என்றேன். சிரித்துவிட்டு, காவடிக்கு முன்னும் பின்னும் கெண்டைக்காலை நன்றாக நீட்டி மடக்கு, அன்று மட்டும் முருகன் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

முழுநீள ஜோடி இப்போது என் வேலைக்குப் போகும் பூட்ஸில் கிடக்கிறது. அதில் இடம் இருக்கிறது. பணம் பாதிதான் திரும்பி வந்தது, மீதிக்கு இன்னும் மெயில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.