‘ஹட்’டா, ‘வஸ்’ஸா? டச்சு இலக்கணத்தில் நான் பட்ட பாடு

நெதர்லாந்தில் ‘ஸ்டாட்ஸெக்ஸாமன்’ என்னும் அரசு டச்சு மொழித் தேர்வின் பி2 நிலைக்குப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, கடந்ததற்கும் முன் நடந்ததைச் சொல்லும் ‘வோல்டோய்ட் வெர்லேடன் டெய்ட்’ என்னும் காலத்தைப் பற்றி நான் அலைந்து தெரிந்துகொண்டவற்றை எழுதிவைக்கிறேன். வடிவத்தில் பெரிய சிக்கல் கிடையாது. துணைவினையாக ‘ஹட்’, ‘ஹடன்’ அல்லது ‘வஸ்’, ‘வாரன்’ வரும்; வாக்கியத்தின் கடைசியில் ‘கெ’ சேர்ந்த எச்ச வடிவம் நிற்கும். அந்த எச்சம் ‘d’ எழுத்தில் முடியுமா ‘t’ எழுத்தில் முடியுமா என்பதற்கான ‘கொஃப்ஸ்கிப்’ விதியை ஏற்கெனவே படித்திருப்பீர்கள். பிரச்சினை முழுவதும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எங்கள் வகுப்பில் இந்தக் காலத்துக்குக் கிடைத்த விளக்கம் ஒரே வரி: “ஆங்கிலத்தில் ‘ஹேட்’ போடுகிறீர்களே, அதுவேதான்.” ஆங்கிலவழியில் படித்து வந்த நம்மவர்களை இந்த ஒரு வரி மாதக்கணக்கில் கெடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எல்லா வினைக்கும் ‘ஹேட்’ போதும். டச்சு மொழியில் போவது, வருவது, கிளம்புவது, விழுவது, இறப்பது, ஆவது போன்ற வினைகளுக்கு ‘வஸ்’தான் வரவேண்டும். இடம்பெயர்வு, நிலைமாற்றம் என்று மனத்தில் பதித்துக்கொண்டால் பெரும்பகுதி சரியாகிவிடும் என்றாலும், தங்கியிருப்பதைக் குறிக்கும் ‘பிளெய்வன்’ எந்த மாற்றமும் இல்லாமலே ‘வஸ்’ கேட்கும் என்பதைத் தனியாக மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டும். இதைவிட நுட்பமானது ஒரே வினை இரண்டையும் ஏற்பது. ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டியிருந்தேன் என்றால் ‘இக் ஹட் அன் ஊர் கெஃபீட்ஸ்ட்’. ரயில் நிலையத்துக்குச் சைக்கிளில் போயிருந்தேன் என்றால் ‘இக் வஸ் நார் ஹெட் ஸ்டாஷோன் கெஃபீட்ஸ்ட்’. போய்ச் சேரும் இடத்தைச் சொன்னால் ‘வஸ்’, ஓட்டியதை மட்டும் சொன்னால் ‘ஹட்’. இவ்வளவு தெளிவான விதியை என் பாடநூல் பின்னிணைப்பில் ஒரு நட்சத்திரக் குறிக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

பாடநூல் சொல்லாமல் விட்ட இன்னொன்று எனக்கு ஒரு முழு நாளையே வீணாக்கியது. ஒரு சான்றிதழுக்காக எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த அம்மையார் ‘யு ஹட் அன் அஃப்ஸ்ப்ராக் மூடன் மாகன்’ என்றார். ‘ஹட்’டுக்குப் பின் எச்சம் வரும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள், இங்கே எச்சமே இல்லை, முழு வினைகள் (அகராதியில் இருக்கும் வடிவிலேயே) இரண்டு அடுத்தடுத்து நின்றன. என் காதில் நின்றது ‘ஹட்’டும் முன்பதிவைக் குறிக்கும் சொல்லும் மட்டுமே என்பதால், என் பெயரில் ஏதோ பதிவு இருப்பதாகச் சொல்கிறார் போலும் என்று காத்திருந்தேன். மறுபடி கேட்டபோது அவர் அதே வாக்கியத்தை இன்னும் வேகமாகச் சொன்னாரே தவிர, எளிமையாகச் சொல்ல முன்வரவில்லை. எங்கள் தெருவில் நெடுங்காலமாக வசிக்கும் யாழ்ப்பாணத்து அக்காதான் அன்று மாலை விளக்கினார்: “தம்பி, உங்களுக்குப் பதிவு இருந்தது எண்டு அவ சொல்லேல்லை. நீங்கள் முதலே பதிஞ்சிருக்க வேணும் எண்டு சொல்லியிருக்கிறா.” வேண்டும், முடியும், விரும்பு போன்ற துணைவினைகள் இன்னொரு வினையோடு சேர்ந்து இந்தக் காலத்தில் வரும்போது எச்ச வடிவம் எடுக்காமல் முழு வினையாகவே நிற்கும். அதிகாரிகளும் மேலாளர்களும் நம்மிடம் குறை சொல்லும் பெரும்பாலான வாக்கியங்கள் இந்த அச்சில்தான் வருகின்றன. ஆகவே இதை முதலில் படியுங்கள்.

இதேபோல், நடக்காததைப் பேசவும் இந்தக் காலமே வருகிறது. ‘அல்ஸ் இக் டட் கெவேடன் ஹட், வஸ் இக் நீட் கெகோமன்’ என்றால், தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று பொருள். கேட்டல் பயிற்சிகளில் இத்தகைய வாக்கியம் வந்தால், நடந்தது என்ன, நடக்காதது என்ன என்பதில்தான் கேள்வி இருக்கும். உணவகத்தில் நுழைந்து ‘இக் ஹட் கெரெஸர்வேர்ட்’ (முன்பதிவு செய்திருந்தேன்) என்று டச்சுக்காரர்கள் சொல்வதோ பணிவுக்காக. அங்கே எதற்கும் முந்தைய எதுவும் இல்லை. ‘கடந்ததற்கும் முன் கடந்தது’ என்ற ஒற்றை வரையறையோடு மாணவரை அனுப்பிவைப்பது நியாயமே அல்ல.

எனக்கு மிகுந்த ஆறுதல் தந்தது ஒரு திருத்தத் தாள். துணை வாக்கியத்தில் ‘கெலேஸன் ஹட்’ (படித்திருந்த என்னும் பொருளில்) என்று எழுதியிருந்தேன். பயிற்சி ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து ‘ஹட் கெலேஸன்’ என்று மாற்றி மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார். விடைப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது என்பதற்கு மேல் அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. இணையத்தில் யாவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ‘அல்கமேனெ நேடர்லாண்ட்ஸெ ஸ்ப்ராக்குன்ஸ்ட்’ என்னும் பேரிலக்கணத்தைத் தேடிப் பார்த்தேன். துணைவினை முன்னால் வந்தால் அது சிவப்பு வரிசை, எச்சம் முன்னால் வந்தால் பச்சை வரிசை. இரண்டும் சரியான டச்சுதான், எழுத்தில் சிவப்பு சற்றுக் கூடுதலாக வருகிறது, அவ்வளவே. அந்தப் பக்கத்தை அச்செடுத்து அடுத்த வகுப்பில் மேசைமேல் வைத்தேன். அவர் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, பிடித்த மதிப்பெண்ணைத் திருப்பித் தந்தார். பிறகு வகுப்பு முழுவதற்கும் பலகையில் இரண்டு வரிசைகளையும் எழுதிப் போட்டார்.

நீங்களும் விடைப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேர்வில் எழுதும்போது எனக்குக் கைகொடுத்தது சிவப்பு வரிசைதான்: துணைவினையை முன்னால் வைக்கப் பழகிவிட்டால், ‘ஹட் மூடன் பெலன்’ (தொலைபேசியில் அழைத்திருக்க வேண்டும்) என்பதுபோல் மூன்று வினைகள் சேரும் இடத்திலும் கை தானாகச் சரியாக எழுதும், ஏனெனில் அங்கே ‘ஹட்’ கடைசிக்குப் போக முடியாது.