பொட்டல் மண்ணாகவே இருக்கட்டும்

ஜூலை 18, வெள்ளி

பொட்டலில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். பூங்கா வருகிறதாம். நாலு பக்கமும் சுற்றுச்சுவர், உள்ளே முழுக்கப் பேவர் பிளாக் கல், நடுவில் நீரூற்று, ஓரத்தில் உடற்பயிற்சிக் கருவிகள். அளக்க வந்தவர் கையில் இருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தேன், குதிரைக்கு அதில் ஒரு முழம் இடம்கூட இல்லை. கேட்டதற்கு "குதிரையா? அதை ரோட்ல ஓட்டிக்கங்க தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை, அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில், கடலுக்கு நடந்தே போய்விடலாம். பொட்டல் மூன்று ஏக்கர் சொச்சம். விடிகாலையில் குதிரை பழக்குவோம், சாயங்காலம் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், அய்யனார் கோயில் புரவி எடுப்பின்போது மண்குதிரைகள் முதலில் வந்து இறங்குவது இங்கேதான், ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழாவுக்குப் போகும் குதிரைகளைக் கூட்டிவருபவர்கள் ஒரு ராத்திரி கட்டிவைத்துத் தண்ணீர் காட்டுவதும் இங்கேதான். ஊரில் இப்போது குதிரை வைத்திருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பந்தயக் குதிரை உண்டு, ஊர்வலத்தில் ஆடும் குதிரை உண்டு. என்னிடம் இருப்பது ஒரு செவலை மட்டக்குதிரை, சிவப்பு நிறத்தில் குட்டையாக இருக்கும்.

நான் பூங்காவுக்கு எதிரி இல்லை. மண்ணை மூடாதீர்கள் என்பது மட்டும்தான் என் கோரிக்கை.

ஜூலை 20, ஞாயிறு

லாடக்காரர் அண்ணன் ராமநாதபுரத்தில் இருந்து வந்திருந்தார். செவலையின் முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டே, ரோட்டில் ஓட்டச் சொன்ன கதையைக் கேட்டார். குளம்பைத் திருப்பிக் காட்டி, "இந்த நடுப்பகுதி மெத்துன்னு இருக்குல்ல, இது மண்ணுல அமுங்கணும் தம்பி, அமுங்கினாத்தான் ரத்தம் மேல ஏறும்" என்றார். குதிரையின் காலில் முட்டிக்குக் கீழே சதை கிடையாது, எலும்பும் நரம்பும்தான். ஒவ்வொரு எட்டுக்கும் குளம்பு விரிந்து சுருங்கி, ஒரு பம்பு மாதிரி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மண்ணில் இறங்கும்போது அந்த அதிர்ச்சியில் ஒரு பங்கை மண் வாங்கிக்கொள்ளும். தாரில் அத்தனையும் முட்டிக்கும் தோளுக்கும் போய்ச் சேரும், போதாக்குறைக்கு இரும்பு லாடம் தாரில் வழுக்கும். மணலும் மீனும் ஏற்றிக்கொண்டு லாரிகள் பறக்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழகாத குட்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம்.

சரி, கடற்கரையில் ஓட்டலாமே என்று டீக்கடையில் கேட்கிறார்கள். காய்ந்த மணலில் கால் புதையப் புதைய ஓடினால் பின்நரம்பு இழுத்துக்கொள்ளும், ஒருமுறை நரம்பு போன குதிரை பழையபடி ஆக மாதக்கணக்கு ஆகும். ஈரமணல்தான் நல்லது. ஆனால் எங்கள் கரையில் ஈரமணல் அகலமே கொஞ்சம், அதில் வள்ளம் ஏற்றி வைத்திருப்பார்கள், கரைவலை இழுப்பார்கள், வலை காயும். அது அவர்கள் தொழில் செய்யும் இடம். அங்கே போய்க் குதிரையை விரட்டுவது நியாயமா? இந்த மாதத்தில் கச்சான் காற்று வேறு மணலை அள்ளிக் கண்ணில் அடிக்கிறது.

ஜூலை 23, புதன்

நான் நடத்துவது இ-சேவை மையம், காகிதம் தேடுவது எனக்குப் பழக்கப்பட்ட வேலை. பொட்டலின் புல எண்ணைப் போட்டு, எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மந்தைவெளிப் புறம்போக்கு என்றுதான் இருக்கிறது. ஊர்க் கால்நடை நிற்கவும் திரியவும் ஒதுக்கப்பட்ட நிலம். யாருடைய பட்டாவும் இல்லை.

ஊர்ப் பொதுநிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது பஞ்சாபில் ஒரு ஊர்க்குளத்தை ஆக்கிரமித்த வழக்கு. இங்கே பூங்கா போடுவதும் ஊருக்காகத்தான், ஆக்கிரமிப்பு இல்லை, அதனால் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போவது சரியாக வராது. ஆனால் எதற்காக ஒதுக்கிய நிலம் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. மனு தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

குதிரை வைத்திருக்கிற காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டில் உட்கார்ந்து பேசியதில் மதியம் முழுக்கப் போய்விட்டது. காக்காவின் வாப்பா காலத்தில் ராமநாதபுரம் ரயிலடியில் ஜட்கா ஓட்டினார்கள், இப்போது காக்கா ஊர்வலக் குதிரை வைத்திருக்கிறார், கத்தியவார் இனம், காது நுனி ரெண்டும் உள்பக்கமாக வளைந்து கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொடும். மனுவில் வரலாறு கொஞ்சம் சேர்க்கலாமா என்று கேட்டேன். "கொஞ்சமா? இந்தக் கரையே குதிரை இறங்கின கரைதானேப்பா" என்றார்.

உண்மைதான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரபுக் குதிரையும் பாரசீகக் குதிரையும் கப்பல் கப்பலாக வந்தது பாண்டியர் கரைக்குத்தான். காயல் இங்கிருந்து தெற்கே, தாமிரபரணி முகத்தில். வடக்கே போனால் திருப்பெருந்துறை, பாண்டியனின் பணத்தோடு குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் சிவனிடம் நின்றுவிட்ட ஊர், நரி பரியான கதை தெரியாதவர் உண்டா. நடுவில் எங்கள் பக்கத்துப் பெரியபட்டினம், குழி தோண்டினால் சீனப் பீங்கான் துண்டு கிடைக்கிற பழைய துறைமுகம்.

மார்க்கோ போலோ எழுதியதை மறுபடி எடுத்துப் படித்தேன். பாண்டிய மன்னன் வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் 100கூட மிஞ்சுவதில்லை என்கிறார். காரணமும் சொல்கிறார்: பராமரிக்கத் தெரியவில்லை, லாடக்காரர்கள் இல்லை. வியாபாரிகள் லாடக்காரர்களைக் கூட்டிவருவதும் இல்லை, தானாக வருபவர்களையும் தடுத்துவிடுகிறார்கள், குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

அதே காலத்தைப் பற்றி எழுதிய பாரசீகர் வஸ்ஸாப் இன்னும் விவரமாகச் சொல்கிறார். பாரசீக வளைகுடாவில் இருக்கும் கிஷ் தீவில் இருந்து வருஷத்துக்கு 1400 குதிரை அனுப்ப ஒப்பந்தம், ஒன்றுக்கு 220 பொன் தினார், வழியில் செத்தாலும் காசு உண்டு. அப்புறம் அவர் சொல்வதுதான் எனக்கு முக்கியம். வந்து இறங்கிய குதிரைகளை 40 நாள் கயிறும் முளையும் போட்டு லாயத்தில் கட்டியே வைத்தார்கள், கொழுக்கட்டும் என்று வறுத்த பார்லியும் நெய் கலந்த தானியமும் கொடுத்தார்கள், பிறகு ஒழுங்காகப் பழக்காமல் நேரே ஏறி ஓட்டினார்கள், அருமையான குதிரைகள் கொஞ்ச நாளிலேயே மந்தமாகி உதவாமல் போயின.

எழுதிய ரெண்டு பேரும் வெளிநாட்டுக்காரர்கள், கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டிப்போட்ட குதிரை கெட்டுப்போகும் என்பது எங்கள் ஊரில் குதிரை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அரசன் கஜானாவைக் கொட்டி வாங்கியும் நிற்காத குதிரையை, பின்னால் வந்த தலைமுறைகள் கொள்ளும் அறுகம்புல்லும் போட்டு, காலையில் பொட்டலில் நடக்கவிட்டுக் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தப் பொட்டலை மூடினால் கடைசியில் எல்லாக் குதிரையும் கொட்டகையில் கட்டித்தான் கிடக்கும்.

ஜூலை 30, புதன்

காக்காவின் குதிரைக்கு வயிற்றுவலி. ராத்திரி முழுக்கப் படுப்பதும் எழுவதும் வயிற்றைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே சிக்கினது கீழ்வழியாகத்தான் போகவேண்டும், அதனால் நாங்கள் இதற்குப் பயப்படுவதுபோல் வேறு எதற்கும் பயப்படுவதில்லை. டாக்டர் வந்து மருந்து கொடுத்தார், சாணத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டுக் காட்டினார், அடியில் மணல் படிந்திருந்தது. கோடையில் புல் குட்டையாக இருக்கும்போது வேரோடு பிடுங்கித் தின்றால் மணலும் சேர்ந்து போகும். விடிவதற்குள் தேறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று காக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

காலையில் டீக்கடையில் இதையே திருப்பிவிட்டார்கள்: "மண்ணு தின்னுதானே வலி வந்துச்சு, கல்லு போட்டா குதிரைக்கே நல்லதுதானே?" இல்லை. ஓடுவதற்குத்தான் மண் வேண்டும், தின்பதற்குத் தொட்டி வேண்டும். தீவனத்தையும் புல்லையும் தரையில் போடாமல் தொட்டியில் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மனுவில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: தண்ணீர்த் தொட்டி ஒன்று, தீவனத் தொட்டி ஒன்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மண்குதிரை செய்யும் வேளார் அய்யாவைப் பார்க்கப் போனேன். புரவி எடுப்பு என்று ஊர் முடிவு செய்தால் முதலில் அவர் கையில் பிடிமண் கொடுக்கவேண்டும், அந்த மண்ணைக் கண்மாய் மண்ணோடு சேர்த்துத்தான் குதிரை செய்வார். கால் நாலும் தனித்தனி, அப்புறம் உடம்பு, கழுத்து, தலை. சூளையில் வெந்து, வண்ணம் பூசி, ஊர் கூடி நிற்கக் கண் திறப்பார்கள். அவர் பட்டறையில் இருந்து ஆட்கள் தோளில் தூக்கிவந்து பொட்டலில் இறக்குவார்கள். ஒரு ராத்திரி அங்கே இருந்துவிட்டுத்தான் அய்யனாரிடம் போகும்.

சுவர் வைத்து ஆறடி கேட் போடுகிறார்கள் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "குதிரையத் தூக்கிட்டு எப்புடிய்யா உள்ள போறது?" எனக்கு இது தோன்றவே இல்லை. ஒரு பெரிய புரவியைக் கம்பு கட்டிப் பக்கத்துக்கு நாலைந்து பேர் தூக்கும்போது அந்த வாசலில் திரும்பவே முடியாது. கல் தரையில் இறக்கினால் கால் விண்டுபோகும் என்றும் சொன்னார், மண்ணென்றால் அமுக்கி நிறுத்திவிடலாம். எழுபதைத் தாண்டியவர், தானே கிராம சபைக்கு வந்து சொல்கிறேன் என்றார். ரொம்ப சந்தோஷமாகத் திரும்பினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மகளிர் குழு அக்காக்களிடம் பேச்சு. இதைத்தான் நான் தள்ளிக்கொண்டே வந்தேன், ஏனென்றால் அவர்கள் கேட்பது நியாயம். "எனக்கு சுகர் தம்பி, டாக்டர் தெனமும் நடக்கச் சொல்றாரு, எங்க போய் நடக்க? ரோட்லயா?" நாங்கள் குதிரைக்குக் கேட்கும் அதே கேள்வி! விளக்கு வேண்டும், உட்கார இடம் வேண்டும், கருவேலம்புதர் பக்கமாகக் குடிக்க வருபவர்களை அப்புறப்படுத்த வேண்டும். இதில் எதை மறுக்க முடியும்?

தரையில் உட்கார்ந்தே வரைந்தோம். வெளிச்சுற்றில் நடைபாதை, அதில் கல் போட்டுக்கொள்ளட்டும், விளக்கும் பெஞ்சும் அங்கே. அதற்கு உள்ளே ஒரு வரிசை வேம்பு, புங்கை, பூவரசு. மர வரிசைக்கு உள்பக்கம் நாலு மீட்டர் அகலத்தில் மண் தடம், மூன்று பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், வாரம் ஒருமுறை கிளறி நீர் தெளித்தால் போதும். நடுவில் திறந்த பொட்டல், பிள்ளைகளுக்கும் புரவிக்கும். தடம் காலை எட்டு மணி வரை குதிரைக்கு, அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் ஓடலாம். சாணத்தைக் குதிரைக்காரர்களே அள்ளவேண்டும், அக்காக்கள் அதைத் தோட்டத்துக்குக் கேட்டார்கள், தாராளமாக.

இப்படி வைத்துக்கொள்வது உலகத்தில் எங்குமே இல்லாதது ஒன்றுமில்லை. லண்டன் நகரத்தின் நடுவில் ஹைட் பூங்காவில் ராட்டன் ரோ என்று ஒரு குதிரைத் தடம், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூன்றாம் வில்லியம் போட்டது. சுற்றிலும் அவ்வளவு விலைமதிப்பான நிலம், இருந்தும் இன்றைக்கும் அந்தத் தடத்தில் குதிரைதான் போகிறது. பக்கத்தில் நடப்பவர்கள் நடக்கிறார்கள். படத்தைக் காட்டினேன், "அட, நம்ம வரைஞ்ச மாதிரியே இருக்கே" என்றார் ஒரு அக்கா.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கிராம சபை. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரியோடு முடிந்துவிட்டதால் தனி அலுவலர் பொறுப்பில்தான் நடந்தது. ஜும்ஆவுக்குள் முடிக்கவேண்டும் என்பதால் வேகவேகமாக வாசித்துக்கொண்டே போனார்கள், குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை. பூங்கா வந்ததும் எழுந்தேன். நான் பேசியதைவிட வேளார் அய்யா பேசியது பலித்தது. எழுந்து கையை விரித்து, "இம்புட்டு அகலம் என் குதிரை, உங்க கேட்டு எம்புட்டு?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. பிறகு சுகர் அக்கா எழுந்து, நடைபாதையும் வேண்டும், மண் தடமும் வேண்டும், நாங்களே வரைந்து வைத்திருக்கிறோம் என்று காகிதத்தை மேசையில் வைத்தார். குதிரையே வைத்திராத ஒருவர் அப்படிச் சொன்னதற்குப் பிறகு "நாலு பேருடைய பொழுதுபோக்கு" என்ற பேச்சு எழவில்லை.

தீர்மானம்: நடுப்பகுதியும் உள்தடமும் மண்ணாகவே விடப்படும், கிழக்கு வாசல் பதினாறு அடி, தண்ணீர்த் தொட்டி உண்டு. தீவனத் தொட்டியை ஒத்துக்கொள்ளவில்லை, நீரூற்றைக் கைவிடவும் இல்லை. திருத்திய மதிப்பீடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்த்தான் வரவேண்டும், அங்கே மாற்றமாட்டார்கள் என்று உறுதி கிடையாது. அதனால் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டோம், கையெழுத்துப் போட்டோம், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒன்றிய அலுவலகத்துக்கு நாளை காக்காவும் நானும் போகிறோம், மனு, அ-பதிவேட்டு நகல், தீர்மானப் பக்கம், அக்காக்கள் வரைந்த படம் எல்லாம் ஒரே உறையில். மேற்கு ஓரத்துச் சீமைக் கருவேலத்தை அடுத்த ஞாயிறு வெட்டுகிறோம், தூரையும் சேர்த்துத் தோண்டாவிட்டால் மறுபடி தழைத்துவிடும், குளம்பில் ஏறினால் அந்த முள் லேசில் வராது. வருகிறவர்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வாருங்கள், காலை ஆறு மணிக்கு. சாப்பாடு காக்கா வீட்டில்.