அம்மாவின் கண் மாத்திரைக்கு 77 சதவீத வரி

மலேசியாவின் கிள்ளானிலிருந்து புதுச்சேரிக்குக் குடிவரப் போகிறவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளியையும். அதையெல்லாம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பேன். கிளம்பும் முன்பே கவனிக்க வேண்டியது மருந்து அலமாரி. மலேசியத் தமிழர் வீடுகளில் சாப்பாட்டு மேசை ஓரத்தில் வைட்டமின் புட்டிகள் வரிசையாக நிற்பது வழக்கம்: மீன் எண்ணெய், கால்சியம், முழங்காலுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. தீர்ந்தால் அமெரிக்காவிலிருந்தே வரவழைப்போம். விமானத்தில் வரும் பார்சல் 500 ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால் அங்கே இறக்குமதி வரி கிடையாது. 10 சதவீத விற்பனை வரி என்பதே 2024 ஜனவரியில்தான் வந்தது. அந்தப் பழக்கத்தோடு இந்தியாவுக்கு வருகிறவர்களுக்கு முதல் பார்சலே அதிர்ச்சியாக இருக்கும்.

நாங்கள் வந்தது 2022-ல். முத்தியால்பேட்டையில் என் கணவரின் பூர்வீக வீடு பூட்டிக் கிடந்தது. மாமியாரைத் தனியாக விட மனமில்லை. என் அம்மாவும் எங்களோடு வந்துவிட்டார். அம்மாவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய், நடுத்தரக் கட்டம். கிள்ளானில் பார்த்த கண் மருத்துவர் ஏரெட்ஸ் 2 என்ற கலவையில் தயாரான கேப்ஸ்யூலைத் தினமும் சாப்பிடச் சொல்லியிருந்தார். அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வின் பெயர் அது. முடிவுகள் 2013-ல் வெளியாயின. லூட்டின் 10 மில்லிகிராம், ஸியாசாந்தின் 2, வைட்டமின் சி 500, வைட்டமின் ஈ 400 யூனிட், துத்தநாகம் 80, தாமிரம் 2. இழந்த பார்வையை இது மீட்காது; நோய் முற்றுவதைத் தள்ளிப்போட உதவும். தினமும் நாளிதழை வரி விடாமல் படிக்கிற ஒரு பெண்மணிக்கு அந்தத் தள்ளிப்போடுதல் எவ்வளவு பெரியது என்று கூட இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

கையோடு கொண்டுவந்த புட்டிகள் தீர்ந்தபோது அக்காள் அங்கிருந்து கூரியரில் அனுப்பினார். சில நாளில் மின்னஞ்சல் வந்தது: பார்சல் சென்னையில் நிற்கிறது, அடையாளச் சான்று அனுப்புங்கள். வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரும் பார்சலுக்குப் பெறுகிறவரின் கே.ஒய்.சி., அதாவது அடையாள, முகவரிச் சான்று வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மலேசிய பாஸ்போர்ட்டில் என் பெயர், ஏ/பி (மலாயில் ‘இன்னாரின் மகள்’ என்பதன் சுருக்கம்), அப்பா பெயர் என்று நீளும். பார்சல் மேல் அக்காள் எழுதியது வீட்டில் கூப்பிடும் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கடிதம் எழுதி, வீட்டு முகவரிக்குச் சான்று இணைத்து அனுப்பிய பிறகே அடுத்த கட்டத்துக்குப் போனது. அதனால் சொல்கிறேன்: பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்து மாறாமல் பார்சலில் எழுதச் சொல்லுங்கள். கடந்த 12 மாதங்களில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால் வெளிநாட்டுக் குடிமக்களும் ஆதார் எடுக்கலாம். எடுத்துவிடுங்கள், பாதி அலைச்சல் குறையும்.

பிறகு வரிச் சீட்டு வந்தது. மேசையில் விரித்துக் கணவரும் நானும் வரி வரியாகக் கூட்டிப் பார்த்தோம். புட்டிகளின் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றும் சேர்ந்து 5,800 ரூபாய். சுங்கம் அந்த மொத்தத்தின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. கூரியருக்குக் கொடுத்த பணத்துக்கும் வரி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. சொந்த உபயோகத்துக்கு வரும் பொருளுக்கு அப்போது அடிப்படைச் சுங்க வரி 35 சதவீதம்: 2,030 ரூபாய். அந்த வரியின் மேல் சமூக நல மேல்வரி 10 சதவீதம்: 203. இவை எல்லாம் கூடிய 8,033 ரூபாயின் மேல் ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதம்: 2,249. ஆக வரி மட்டும் 4,482 ரூபாய், அதாவது 77.28 சதவீதம். நமக்காக வரியை முன்கூட்டிச் செலுத்தியதற்குக் கூரியர் நிறுவனம் தனிக் கட்டணம் போட்டிருந்தது. அதற்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. அதன் பின் வந்த மாற்றங்களில் இந்த விகிதங்கள் இறங்கியிருக்கின்றன. ஆகவே அனுப்பும் மாதத்தில் நடப்பு விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மட்டும் இதுதான்.

இதே புட்டி மருந்து என்று ஏற்கப்பட்டிருந்தால் அன்றைய கணக்கில் அடிப்படை வரி 10 சதவீதம், ஐ.ஜி.எஸ்.டி. 12 சதவீதம்தான், மொத்த வரி பொருளின் மதிப்பில் கால்பங்குக்கும் குறைவு. மருந்து என்றே எழுதிவிடலாமே என்று தோன்றும். ஆனால் மருந்து என்றால் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் குறுக்கே வரும். பயணியின் பெட்டியில் வராமல் பார்சலில் வரும் மருந்துக்கு 12-ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 12-பி அனுமதி பெற வேண்டும். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டும் வேண்டும். சத்து மாத்திரை உணவுக்கும் மருந்துக்கும் நடுவே நிற்கிறது. வெளியே ஒட்டிய தாளில் அனுப்புகிறவர் என்ன எழுதுகிறாரோ, புட்டியின் லேபிள் என்ன சொல்கிறதோ, அதை வைத்து அதிகாரி ஒரு முடிவுக்கு வருகிறார். வெறுமனே மாத்திரை என்று எழுதினால் கேள்வி மேல் கேள்வி வரும். பொருளின் பெயர், எத்தனை புட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை கேப்ஸ்யூல், விலை, சொந்த உபயோகம் என்று முழுதாக எழுதி, வாங்கிய கடையின் ரசீதையும் வைக்க வேண்டும்.

எதிர்வீட்டுப் பெரியவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான். தபாலில் வருவது சென்னையில் உள்ள வெளிநாட்டு அஞ்சலகத்தில் மதிப்பிடப்பட்டு, வரிச் சீட்டோடு ரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகம் வழியாக வீட்டுக்கு வரும். தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். “பரிசு என்று எழுதினால் வரி இல்லை என்பதெல்லாம் பழைய கதை அம்மா. 5,000 ரூபாய் வரை இருந்த சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு” என்றார். இன்றைக்கும் கிள்ளானிலிருந்து உறவினர்கள் பரிசு என்று எழுதித்தான் அனுப்புகிறார்கள். தயவுசெய்து சொல்லி நிறுத்துங்கள். விலையைக் குறைத்து எழுதுவதும் வேண்டாம். பிடிபட்டால் அபராதம், பொருளும் போகும்.

பார்சல் வந்த நாள் கத்திரி வெயில். புட்டியைத் திறந்து கையில் கவிழ்த்தேன், ஒன்றும் விழவில்லை. எண்ணெய் நிரப்பிய மென்மையான கேப்ஸ்யூல்கள் வெப்பத்தில் இளகி ஒன்றோடொன்று ஒட்டி, புட்டி வடிவத்திலேயே ஒரு பழுப்புக் கட்டியாகியிருந்தன. கத்தி முனையால் பிரிக்கப் போன இடத்தில் தோல் கிழிந்து எண்ணெய் கசிந்தது. அம்மா பார்த்துவிட்டு, “வேண்டாம் விடு” என்றார். அவ்வளவு வரி கட்டிய பொருள் அது. சித்திரை, வைகாசியில் இந்த மாதிரி கேப்ஸ்யூலை யாரும் அனுப்ப வேண்டாம்.

அந்த வாரமே அம்மாவைத் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பழைய புட்டியையும், நம் ஊர் மெடிக்கலில் கிடைத்த கண் மாத்திரை அட்டையையும் மருத்துவர் முன் வைத்தேன். இரண்டு லேபிளையும் நிதானமாகப் படித்தார். உள்ளூர் மாத்திரையில் லூட்டினும் ஸியாசாந்தினும் அதே அளவு இருந்தன. துத்தநாகம் மட்டும் மிகக் குறைவு. இந்தியாவில் சத்து மாத்திரைகளுக்கு அன்றாடத் தேவை அளவை ஒட்டிய உச்சவரம்பு உண்டு என்பதால் இப்படி வேறுபடுமாம். அந்த ஆய்விலேயே 80-க்குப் பதில் 25 மில்லிகிராம் துத்தநாகமும் கொடுத்துப் பார்த்தார்கள், குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்று விளக்கினார். சேர்க்க வேண்டியதைத் தனி மாத்திரைகளாக எழுதிக்கொடுத்தார். வைட்டமின் சி 500 சப்பிச் சாப்பிடும் மாத்திரையாகவும், ஈ 400 பச்சைக் கேப்ஸ்யூலாகவும் எந்த மெடிக்கலிலும் கிடைக்கிறது. கடல் கடந்து வந்த புட்டிக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமாகவே இந்தக் கலவையைச் சேர்க்க வேண்டாம். அம்மாவின் கண்ணைப் பரிசோதித்த பிறகு அம்மாவுக்காக எழுதியது அது.

மற்ற புட்டிகள் ஒவ்வொன்றாக மேசையை விட்டுப் போயின. மீன் எண்ணெயை நிறுத்திவிட்டேன். பெரிய மார்க்கெட்டில் மத்தி மீன் மலிவாகக் கிடைக்கும்போது அதற்குச் சுங்க வரி எதற்கு? மாமியார் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் இல்லாமல் வாரத்தை ஓட்டியதே இல்லை. கால்சியம் மாத்திரை மருத்துவர் சொன்ன அளவில் இங்கேயே வாங்குகிறோம். வைட்டமின் டி பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே நமக்குப் பழக்கம் தினமும் 1,000 யூனிட். இங்கே மெடிக்கலில் சாதாரணமாகத் தருவது 60,000 யூனிட். வாரம் ஒன்று என்று குறிப்பிட்ட காலத்துக்கு எழுதிக்கொடுப்பார்கள். தினமும் ஒன்று போடுகிற பழக்கத்தில் அதை விழுங்கிவிட்டால் ஆபத்து. ரத்தப் பரிசோதனை செய்து, எத்தனை வாரம் என்று கேட்டு, அட்டையின் மேல் கிழமையை எழுதி வைத்துவிடுங்கள்.

எல்லாமே இங்கே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் சொட்டு மருந்து ஒன்றை அக்காள் மகள் வரும்போது கையில் கொண்டுவருகிறாள். முத்தியால்பேட்டையிலும் உப்பளத்திலும் பிரான்ஸிலிருந்து பிள்ளைகள் வரும் வீடுகளில் காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது. பயணியின் பெட்டியில் சொந்த உபயோகத்துக்கு வரும் மருந்துக்கு அனுமதி தேவையில்லை. ஒரு மருந்து 100 சராசரி வேளை அளவைத் தாண்டக் கூடாது, அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். சீட்டும் மூல அட்டையும் சேர்ந்தே இருக்கட்டும். கிள்ளானை விட்டுக் கிளம்பும் முன் அங்குள்ள மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்: என்ன நோய், எந்த மருந்து, என்ன அளவு. பிராண்டு பெயரோடு நிறுத்தாமல் உள்ளே இருக்கும் பொருளின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் இங்கே எந்த மருத்துவரும் மெடிக்கல்காரரும் சமமானதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.