கேமராவிடம் புலம்பும் காதலன்

நேற்று ராத்திரி 'காதலில் சொதப்புவது எப்படி' மறுபடி பார்த்தேன். 2012இல் தியேட்டருக்கு வந்த முழுநீளப் படம் இல்லை, அதற்கு முன்னால் பாலாஜி மோகன் எடுத்த குறும்படம். பையன் நேராக கேமராவைப் பார்த்துத் தன் காதல் கதையைப் புலம்புகிறான். கையில் காசு இல்லாமல் படம் எடுப்பவர்களுக்கு இது ரொம்பவே தோதான உத்தி, செலவு செய்து காட்ட முடியாததையெல்லாம் பேச்சிலேயே கடத்திவிடலாம், பார்க்கிற நமக்கும் டீக்கடையில் நண்பன் கதை சொல்வதைப் போலவே இருக்கும்.

கூடப் பார்த்த தங்கை பாதியிலேயே "அண்ணா, இது உன் கதைதானே?" என்று சிரித்தாள். (பாதி உண்மை.) அம்மா சிரிக்கவே இல்லை. "அந்தப் பொண்ணு என்ன நினைச்சான்னு யாராவது கேட்டாங்களா?" என்றார். அப்புறம் எழுந்துபோய் மாவு கரைக்க ஆரம்பித்துவிட்டார். சரியான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை.