நாலாம் நம்பர் கல்

செப்டம்பர் 3

எங்களுக்குச் சுரங்கத் திட்டம் போட்டுத் தந்த ஆர்க்யூபி (அதற்கு அங்கீகாரம் பெற்ற வல்லுநர்) சார் காலையில் குவாரிக்கு வந்தார். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கற்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். முதல் மூன்றும் இருந்தன, நாலாம் நம்பர் கல்லைக் காணோம். நானும் ஜேசிபி அண்ணனும் வேலியோரம் இரண்டு நடை நடந்துவிட்டோம். அப்புறம்தான் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அது மேல்மண்ணுக்கு அடியில இருக்கும்போல."

ஜூலையில் குவாரி திறந்தபோது வழித்த மேல்மண்ணைத் தென்பக்கம் ஒரே குவியலாகத் தள்ளியிருந்தோம். இரண்டு ஆள் உயரம் இருக்கும். ஒரு பக்கம் குழி விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, மறுபக்கம் கல்லை விழுங்கிவிட்டது. சார் திட்டவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போனார்.

செப்டம்பர் 4

திருமயம் பக்கம் 3 ஏக்கர் பட்டா நிலம், 2 மீட்டர் ஆழம் வரை கிராவல் எடுக்க அனுமதி. இவ்வளவுதான் எங்கள் குவாரி. "இதுக்கு இத்தனை காகிதமா?" என்று மாமா வாரம் ஒருமுறையாவது கேட்பார். 5 ஹெக்டேருக்குக் கீழே உள்ள சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் சொன்னதிலிருந்து இப்படித்தான் என்று நானும் வாரம் ஒருமுறை சொல்வேன்.

இன்று அனுமதிக் கடிதத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். மேல்மண்ணைத் தனியாகச் சேமித்து, பசுமை வளர்க்கவும் நிலத்தைச் சீர்செய்யவும் பயன்படுத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கிய நாளில் இந்த வரி என் கண்ணில் படவே இல்லை. லோடு வெளியே போகத் தேவையான நடைச்சீட்டு, கனிமத்துக்கு அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் கட்டணம் பற்றிய வரிகளுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 6

கணக்குப் போட்டோம். இதுவரை வழித்த இடம் 60 மீட்டருக்கு 70 மீட்டர். மேல்மண் ஏறத்தாழ ஓர் அடி கனம். 1,260 கன மீட்டர் வருகிறது, நம் பாஷையில் 445 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). வழித்த மண் உப்பிப் பெருகும், அதனால் 1,500 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார் சார்.

அதை எல்லையோரம் நீளமான கரையாகப் போட வேண்டும். அடியில் 4 மீட்டர், உச்சியில் 1 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர். 400 மீட்டர் நீளத்துக்கு இழுத்தால் எல்லாம் அடங்கிவிடும். எல்லையின் சுற்றளவு 440, வண்டி வரும் வழியும் கல் இருக்கும் இடங்களும் போக மட்டுமட்டாகப் பொருந்துகிறது. ஒரே குன்றாகக் குவித்தால் உள்மண் காற்றில்லாமல் புழுங்கி, அதிலிருக்கும் உயிர்கள் செத்துப்போகும் என்றார்.

பக்கத்துப் பட்டாவுக்கும் குழிக்கும் நடுவே 7.5 மீட்டர் விட வேண்டும். குழி விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் கல், இடிபாடு எதுவும் கிடக்கக்கூடாது என்று 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளில் இருக்கிறதாம். வெடி வைக்காமல், 50 பேருக்கு மேல் ஆள் இல்லாமல், 6 மீட்டருக்குள் தோண்டும் கிராவல் குழிக்கு 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தவில்லை. இருந்தாலும் அந்த 3 மீட்டரை விட்டுவிடச் சொன்னார். 7.5-இல் 3 போய், கரைக்கு 4 போய், மிச்சம் அரை மீட்டர். அதில்தான் சுற்று வாய்க்கால்.

செப்டம்பர் 9

குவியலைப் பிரிக்க ஆரம்பித்தாயிற்று. பக்கெட் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் என்ன வருகிறது என்று நின்று பார்த்தேன். குவியலின் மேற்புறத்தில் கோரைக் கிழங்கும் புல்வேரும் பின்னிய பழுப்பு மண். உள்ளே போகப் போகக் கிராவல் கலந்திருக்கிறது. வழிக்கும்போது பக்கெட்டின் பல் ஆழமாக இறங்கியிருக்கிறது, எங்கள் தப்புதான். கையில் எடுத்தால் வித்தியாசம் உடனே தெரிகிறது. பழுப்பு மண் உதிர்ந்து விரலிடுக்கில் வழிகிறது. மற்றது அரிசிக் கல் மாதிரி உள்ளங்கையில் குத்துகிறது.

மதியம் மூன்று மணிக்கு நாலாம் நம்பர் கல் வெளியே வந்தது. சாய்ந்திருந்தது, நகரவில்லை. அண்ணன் அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

செப்டம்பர் 12

மனை போடும் ஒருவர் வந்தார். "குழி மேடு நெரவ மண்ணு வேணும், சும்மா கெடக்குற மேல்மண்ணக் குடுங்க, லோடுக்கு இவ்வளவு" என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை என்றால் அவர் சரி சொல்லியிருப்பார்.

கட்டடம், சாலை, ரயில் பாதைக்கு நிரப்பவும் சமப்படுத்தவும் எடுக்கும் சாதாரண மண்ணும் சிறுகனிமம் என்று மத்திய அரசு 2000 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. சீட்டில்லாமல் ஒரு லோடு வெளியே போனாலும் அது கடத்தல். எங்களிடம் இருப்பது கிராவலுக்கான சீட்டு. அதுவும் போக, இந்த மண் போனால் நாளைக்குக் குழியை எதை வைத்து மூடுவது? வந்தவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 16

நேற்று சாயங்காலம் இடியோடு நல்ல மழை. காலையில் வேலை தொடங்கலாம் என்றார் அண்ணன், வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறதே என்ற கவலை அவருக்கு. ஒரு பிடி மண்ணை அழுத்தினேன், கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நின்றது. ஈரத்தில் டயர் ஏறினால் இறுகிப்போய் வேர் இறங்காது. மூன்று நாள் நிறுத்தினோம். மாமா பேசவில்லை.

செப்டம்பர் 24

கரை முடிந்தது. என்ன விதைப்பது என்று பக்கத்துக் காட்டு அப்பத்தாவிடம் கேட்டேன். "கொளுஞ்சியப் போடுய்யா, செம்மண்ணுக்கு அதான். கூட ரெண்டு பிடி தக்கப்பூண்டு" என்றது. கொளுஞ்சி விதைக்குத் தோல் கெட்டி, அப்படியே போட்டால் முளைக்க நாளாகும். ஆற்றுமணல் கலந்து, உரலில் போட்டு, குத்தாமல் உலக்கையால் தேய்த்துத் தந்தது அப்பத்தா. பளபளப்பு போனதும் "இப்பப் போடு" என்றது. கரைக்கு வெளியோரம் பனங்கொட்டையும் ஊன்றினோம்.

அக்டோபர் 22

இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ராத்திரி பெய்த மழையில் தென்பக்க வாய்க்கால் நிரம்பி, செந்தண்ணீர் அப்பத்தா காட்டுக்குள் இறங்கிவிட்டது. கடலை போன வாரமே பிடுங்கியாயிற்று, அது ஒன்றுதான் ஆறுதல். காட்டு மூலையில் பத்தடிக்கு வழவழவென்று வண்டல்.

அரை மீட்டர் வாய்க்கால் பத்தாது என்று பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும். வாய்க்காலின் தண்ணீரை எங்கள் குழிப் பக்கம் திருப்பி, மூலையில் வண்டல் தங்க ஒரு தொட்டி வெட்டினோம். அப்பத்தா காட்டு வண்டலை மண்வெட்டியால் நானே வழித்தேன். அது வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. "அந்த ஓரத்துலயும் இருக்கு பாரு" என்று மட்டும் சொன்னது.

நவம்பர் 26

ஜூன் 1, டிசம்பர் 1. வருடத்தில் இரண்டு தடவை இணக்க அறிக்கை, அதாவது அனுமதியின் நிபந்தனைகளை எப்படிப் பின்பற்றினோம் என்ற அறிக்கை தர வேண்டும். டைப் அடிக்கும் கடையில் பழைய மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். நிபந்தனைக்கு நேரே எல்லாவற்றுக்கும் "நிறைவேற்றப்பட்டது". பெயரை மட்டும் மாற்றினால் பத்து நிமிட வேலை.

நான் அந்த மாதிரியை விட்டுவிட்டு நடந்ததை எழுதினேன். மேல்மண் வரிக்கு நேரே கரையின் நீளம், உயரம், விதைத்த தேதி, ஒரு போட்டோ. மழைநீர் வடிகால் வரிக்கு நேரே, "அக்டோபர் 22 மழையில் வழிந்தது, வண்டல் தொட்டி அமைக்கப்பட்டது." "நாமளே மாட்டிக்கணுமா?" என்றார் மாமா. ஆய்வுக்கு வருகிறவர் அப்பத்தாவிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்டால் போதும், எல்லாம் தெரிந்துவிடும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் 30

அறிக்கையைச் சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏற்றியாயிற்று. சாயங்காலம் கரையைச் சுற்றி வந்தேன். வடக்கு வேலியில் கம்பி தளர்ந்த இடத்தில் யாரோ வீட்டு ஆடுகள் புகுந்து தக்கைப்பூண்டை மொட்டையாக மேய்ந்திருக்கின்றன. கொளுஞ்சியில் வாய் வைக்கவில்லை. கணுக்கால் உயரம் வளர்ந்து நிற்கிறது. நாளைக்குக் கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும், ஆடு யாருடையது என்றும் விசாரிக்க வேண்டும்.