எஃப்-100 பின்கதவு: அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 4
பிரைமர் காய்ந்துவிட்டது. மாமாவுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.

அக்டோபர் 6
பச்சை ஏறிய பிறகு 1956ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பின் பின்கதவு கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் எஃப், ஓ, ஆர், டி என்ற நான்கு எழுத்துகளும் வெள்ளையாகும் வரை அது கண் திறக்காத சிலைதான். என் கவலையெல்லாம் விளிம்பைப் பற்றியது. தகட்டை அச்சில் வைத்து அழுத்தும்போது உலோகம் சட்டென்று மடியாமல் வளைந்தே எழும்புவதால், எழுத்தின் மேல்முகத்துக்கும் கதவின் சமதளத்துக்கும் நடுவே ஒரு சரிவு உண்டாகிறது. வெள்ளை அந்தச் சரிவின் உச்சியில் நிற்க வேண்டுமா, அடிவரை இறங்க வேண்டுமா? அடிவரை இறக்கினால் எழுத்து தடித்துவிடும். உச்சியில் நிறுத்தினால் பச்சைச் சரிவே நிழலாக நின்று எழுத்தைத் தூக்கிக் காட்டும். உச்சியில்தான் நிறுத்தப் போகிறேன்.

அக்டோபர் 7
ஸ்டிக்கர் ஒட்டினால் அரை மணி நேர வேலை என்றார் நண்பர். கோபம் வந்துவிட்டது. இத்தனை காலம் பாரம் ஏற்றி இறக்கியதில் அடிபட்ட தகட்டுக்கு எந்த ஸ்டிக்கரின் அளவு பொருந்தும்?

அக்டோபர் 9
கண்ணாடித் தகட்டில் எனாமலை மெல்லிய படலமாகப் பரப்பி, கெட்டியான ரப்பர் ரோலரை அதில் உருட்டி, எழுத்தின் மேல் அழுத்தாமல் ஓட்டினேன். எஃப் அப்படியே பளிச்சென்று எழுந்தது! ரோலர் மேட்டை மட்டுமே தொடுவதால் சரிவில் ஒரு சொட்டு வெள்ளைகூட இறங்கவில்லை. ஆனால் ஓவின் இடது தோள் உள்ளே அமுங்கியிருக்கிறது. அங்கே ரோலர் தொடாமலே தாண்டிவிடுகிறது.

அக்டோபர் 10
மழை. வண்ணத்தைத் தொடவில்லை. மாமா தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எழுத்து வெள்ளைதானே?"

அக்டோபர் 12
ஓவின் பள்ளத்துக்கு, விளம்பரப் பலகை எழுதுவோர் வைத்திருக்கும் அணில்மயிர்த் தூரிகையே கைகொடுத்தது. வளைவில் சுருங்காமல் திரும்பும் மெல்லிய பிளாஸ்டிக் டேப்பைச் சரிவின் உச்சியோடு ஒட்டி, நீண்ட மயிரை முழுக்க நனைத்து, ஒரே இழுப்பில் வளைத்தேன். எனாமல் இறுகும் முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். காய்ந்த பின் உரித்தால் விளிம்பு பிசிறிவிடும். பிசிறவில்லை.

மாமாவுக்குத் தேதி வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 13
ஆர் முடிந்தது. குளிரில் எனாமல் இறுகத் தாமதமாகிறது என்பதால் இரவு முழுவதும் கொட்டகையில் ஹீட்டர் ஓடுகிறது. நாளை காலை டி.